பன்னிரண்டாம் வீட்டுப் புளி

ரேணுகாதேவியின் எடிட்டிங் அறைக்கும் எங்கள் கிளை அஞ்சலகத்துக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவள் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தைப் பத்து முறை திருப்பி ஓட்டினால், இந்தப் பக்கம் நான் பத்து முறை கெட்டிமேளம் கேட்டபடி தபால்களுக்கு முத்திரை குத்துவேன். புதூர்நாட்டுக்கு நான் போஸ்ட்மாஸ்டராக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் கடைசி ஐந்து வருடத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் நடந்த கல்யாணம் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் காதாலேயே போய் வந்துவிட்டேன்.

ரேணுகாதேவிக்கு முப்பத்தொரு வயது. ஆள் குள்ளம், குரல் பெரிது. கரண்ட் போனால் சுவரைத் தட்டி, "அண்ணா, அங்கயும் பூட்ச்சா?" என்பாள். இரண்டு அறைக்கும் ஒரே மீட்டர் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்கமாட்டாள்.

பக்கத்துக் குக்கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்குச் சாமைக்காடு. திருப்பத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு அங்கேயே ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு மவுஸைப் பிடிக்க அவளுக்கு ஆறு மாதம்தான் ஆனது. நான்கு வருடம் அங்கே எடிட்டிங் செய்தாள். பிறகு இந்த ஊர் ஜீப் டிரைவர் தனசேகரனைக் கட்டிக்கொண்டு மலையேறியபோது, ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் வெளியில் வாங்கிய ஒரு பழைய கேமராவையும் கூடவே கொண்டுவந்தாள். சீர் அவ்வளவுதான் என்று தனசேகரன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

அவளுடைய அறை ஜன்னலுக்குக் கதவு கிடையாது. வெயில் திரையில் விழாமல் இருக்க, மானிட்டரை ஒரு டி.வி. அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தன் தலையையும் அதற்குள்ளேயே விட்டுக்கொண்டு வேலை செய்வாள். முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வெளிச்சம் பட்டால் கலர் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. திரையில் பார்த்தால்தான் அவளுக்கு எதுவும் நடந்த மாதிரி. ஒருமுறை காவலூரில் கல்யாணம் எடுத்துவிட்டு வந்தவளிடம், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்னும் பாக்கல அண்ணா" என்றாள். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இந்த வருடம் புளி விஷயத்தில் அதே காரியத்தை ஊரே சேர்ந்து செய்தது. நானும்தான்.

எங்கள் பக்கத்தில் புளிக்குச் சாட்சி அதன் நிறம். மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்த புதுப்புளி சிவந்த பழுப்பாக இருக்கும். ஒரு வருடம் கிடந்தால் கறுத்துவிடும். கறுத்த புளி வீட்டுக் குழம்புக்கு ஆகும், கைவைத்தியத்துக்கு ஆகும், மண்டிக்கு ஆகாது. பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்த குழு ஒன்று இங்கே இருக்கிறது. சகுந்தலா அதற்குத் தலைவி. பன்னிரண்டு வீட்டுப் புளியும் ஒரே லோடாக ஒடுகத்தூர் மண்டிக்காரர் துரைக்கண்ணுவுக்குப் போகும். போன வருடம் அந்த லோடில் யாரோ பழம்புளியைக் கலந்துவிட்டார்கள். துரைக்கண்ணு மொத்த லோடையும் திருப்பி அனுப்பினார். கலந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பேச்சு மட்டும் மங்கம்மாள் மேல் போனது.

அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, அவருடைய வாயைத் தவிர. மங்கம்மாளுக்கு ஐம்பது இருக்கும். கணவர் கோபால்சாமி கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். நாலு புளியமரத்தையும் ஆடுகளையும் மங்கம்மாள் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அஞ்சலகத்தை நான் கால்மணி நேரம் தாமதமாகத் திறந்த ஒரு நாளில், ஊரே கேட்கும்படி என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் மேல் ஒரு பழி வந்தால், இல்லை என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

இந்த வருடம் துரைக்கண்ணு ஒரு நிபந்தனை போட்டார். லோடு ஏற்றுமுன் ஒவ்வொரு வீட்டுப் புளியையும் தனித்தனியாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், வீட்டுக்காரி பெயர் சொல்ல வேண்டும், ஒரு கைப்பிடி அள்ளிப் பிரித்துக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு, எந்தெந்த வீட்டுப் புளியை எடுப்பது என்று அவர் சொல்வார். வேலை ரேணுகாதேவிக்கு வந்தது. மணமக்களையே பார்த்துச் சலித்திருந்தவள் புளியை எடுக்க ஆசையாகக் கிளம்பினாள்.

இரண்டு நாளில் பதினோரு வீடு முடிந்தது. எல்லாம் களத்தில், வெயிலில், அவளுடைய போனில் எடுத்தவை. பன்னிரண்டாவது மங்கம்மாள் வீடு. அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. புளியை உள்ளே அள்ளி, தகரக் கூரைக்கடியில் பாய் விரித்துக் கொட்டியிருந்தார்கள். கல்யாணத்தையெல்லாம் போனிலேயே எடுத்துப் பழகியவள், போனில் இடம் நிறைந்துபோனதால், கொண்டுவந்த நாளிலிருந்து தொடாத பழைய கேமராவில் எடுத்தாள். மூலையில் ஆடுகள் கட்டியிருந்தன, ஒரு ஆடு கத்திக்கொண்டே இருந்தது, மழைச்சத்தம் வேறு. மங்கம்மாள் பெயர் சொன்னது சரியாகப் பதிகிறதா என்ற கவலையிலேயே எடுத்துமுடித்து ஓடிவந்துவிட்டாள்.

தப்பு நடந்த இடம் இனிமேல்தான் வருகிறது. அவளுடைய எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு காட்சிக்கும் 'லெவல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஆட்டோ, வீடியோ, ஃபுல் என்று மூன்று வழி. திருப்பத்தூர் ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில் அது என்னவென்று முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து 'வீடியோ' என்று வைத்துவிடு, கேள்வி கேட்காதே என்றாராம். அங்கே இருந்த கேமராக்கள் எல்லாம் ஒரே இனம், அதனால் அவர் சொன்னது சரியாகவே நடந்தது. அந்தப் பழக்கம் விரலோடு வந்துவிட்டது. பன்னிரண்டு வீட்டையும் மொத்தமாகப் பிடித்தாள், 'வீடியோ' என்று வைத்தாள், கோத்தாள், குழுவின் வாட்ஸ்அப்பிலும் துரைக்கண்ணுவுக்கும் அனுப்பினாள்.

மத்தியானமே வாட்ஸ்அப்பில் துரைக்கண்ணுவின் குரல் வந்தது. பதினோரு வீட்டுப் புளி நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை ஏற்றுங்கள். கடைசி வீட்டுப் புளி போன வருடத்துப் புளி, அதை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை மனிதர்.

சாயங்காலம் அங்கன்வாடி வாசலில் குழு கூடியது. சேமிப்புப் புத்தகம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் போன நானும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். மங்கம்மாள் இது இந்த மாசியில் உலுக்கிய புளி என்று ஒரே பேச்சாகச் சொன்னார். சகுந்தலா போனை நீட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். பதினோரு வீட்டுப் புளியும் சிவப்பாகப் போய்க்கொண்டே வந்து, பன்னிரண்டாவதில் தார் உருட்டி வைத்த மாதிரி ஒரு கறுப்பு. நாரும் தெரியவில்லை, கொட்டை இருந்த குழியும் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த வெள்ளைச் சாக்கு மட்டும் கண்ணைப் பறித்தது.

மங்கம்மாள் போனைப் பார்க்கவில்லை. ரேணுகாதேவியைப் பார்த்தார். "நீதானேம்மா வந்து எடுத்த. கறுப்பாவா இருந்துச்சு? சொல்லு."

ரேணுகாதேவி யோசித்தாள். உள்ளே இருட்டாக இருந்தது, மழை பெய்தது, அவள் பார்த்தது கேமராவின் சின்னத் திரையை மட்டும்தான். புளி எப்படி இருந்தது என்று உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"படத்துல இன்னா கீதோ அதான் அத்தே."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. போன தடவையும் இவர்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மங்கம்மாள் வீட்டுப் புளி லோடில் ஏறாது, குழுவில் வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பேசலாம் என்று சகுந்தலா முடித்தாள். நான் தலையாட்டினேன். என்னை யாரும் கேட்கவே இல்லை, ஆனாலும் ஆட்டினேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். மங்கம்மாள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை அஞ்சலகத்துக்கு முன்னால் ஒரே கூச்சல். ரேணுகாதேவி காயவைத்திருந்த பலாக்கொட்டையில் ஒரு ஆடு வாய் வைத்துவிட்டது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மங்கம்மாளின் ஆடு அது. நல்ல காப்பிக்கொட்டை நிறம், ஒரு காதில் மட்டும் வெட்டுத்தழும்பு. அன்றைக்கு மழையில் கத்திக்கொண்டே இருந்தது இதுதான், அந்தக் காது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் வீடியோவில் மூலையில் நின்றது கறுப்பு ஆடு. கறுப்பென்றால் அட்டக்கறுப்பு.

கம்பைப் போட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டாள். ஆடு பலாக்கொட்டையை நிதானமாகத் தின்று முடித்தது.

அன்றைக்கு மத்தியானம்வரை சுவருக்கு அந்தப் பக்கம் மழைச்சத்தமும் ஆட்டுச்சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தன. முதலில் அனுப்பிய வீடியோவையே வெளிச்சம் கூட்டிப் பார்த்திருக்கிறாள். கறுப்பு சாம்பல் ஆனது, புளி ஆகவில்லை. பிறகு கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைலை, எடிட்டிங்கில் போடாமல் தனியாக ஓட்டினாள். ஆடு காப்பிக்கொட்டை நிறத்தில் நின்றது. அதே ஃபைல் எடிட்டிங்கில் கறுத்தது. ஒரே ஃபைல், ஒரே திரை, இரண்டு நிறம். கேமரா கெட்டுவிட்டது, மானிட்டர் போய்விட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். கடைசியில்தான் தன் விரலைச் சந்தேகப்பட்டாள். அந்த லெவல் கட்டத்தைத் திறந்து, 'வீடியோ' என்று இருந்ததை 'ஃபுல்' என்று மாற்றினாள்.

சுவரைத் தட்டவில்லை. நேரே வந்து கூப்பிட்டாள். போய் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். புளி சிவந்திருந்தது. நார் நாராகத் தெரிந்தது. மங்கம்மாள் பிரித்துக்காட்டிய சுளையில் கொட்டை இருந்த குழிகூடப் பளபளத்தது. புதுப்புளி. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்க எரிச்சலோடு, இது என்ன கண்கட்டு வித்தையா என்று கேட்டேன்.

அவள் சாமை அளக்கிற கணக்கில் விளக்கினாள். படியில் இரண்டு விதமாக அளப்போம். வீட்டு உபயோகத்துக்குக் குவித்து அளப்போம், கடைக்குத் தலைதட்டி அளப்போம். கேமராக்களும் அப்படித்தான். இருட்டிலிருந்து வெளிச்சம்வரை சில கேமராக்கள் படியைக் குவித்து அளக்கும், அது ஃபுல். சில கேமராக்கள் கீழேயும் மேலேயும் கொஞ்சம் விட்டுத் தலைதட்டி அளக்கும், அது வீடியோ. எந்தப் படியில் அளந்தது என்று கேமராவே ஃபைலுக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்துவிடும். ஆட்டோ என்று விட்டிருந்தால் சாஃப்ட்வேர் அந்தச் சீட்டைப் படித்துக்கொள்ளும். அவளுடைய போன் அளந்தது தலைதட்டிய படி. பழைய கேமரா அளந்தது குவித்த படி. இவள் எல்லாவற்றையும் தலைதட்டிய படி என்று சொல்லிவிட்டாள். சாஃப்ட்வேர் என்ன செய்யும், குவிந்து நின்றதை வழித்துத் தள்ளிவிட்டது. இருட்டில் இருந்த பழுப்பெல்லாம் ஒரே கறுப்பில் விழுந்தது. வெள்ளைச் சாக்கு வெறும் வெளுப்பாகப் போனது.

"சீட்டு இருந்துச்சு அண்ணா. அதக் கிழிச்சுப் போட்டது நானு."

இரண்டாவது வீடியோவைச் சத்தமில்லாமல் துரைக்கண்ணுவுக்கு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது, ஊரில் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று நான் யோசனை சொன்னேன். என் யோசனைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவ்வளவு பேர் நடுவில் சொன்னதை அவ்வளவு பேர் நடுவில்தான் எடுக்க வேண்டும் என்றாள். இருந்தாலும் வீடியோவை அனுப்பினாள்.

துரைக்கண்ணு மண்டியில் பழுத்தவர். பதில் உடனே வந்தது. "நேத்து கறுப்பா அனுப்புனீங்க, இன்னிக்குச் செவப்பா அனுப்புறீங்க. நாளைக்குப் பச்சையாவும் அனுப்புவீங்க. எதம்மா நான் நம்பறது?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. மூட்டையைக் கொண்டுவாருங்கள், கையில் எடுத்துப் பார்த்து, புதுசென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கையில் எடுத்துப் பார்ப்பது என்ற வழி அவர் சொல்லித்தான் எங்களுக்கு நினைவு வந்தது. ஆனால் மூட்டையைக் கொடுக்க மங்கம்மாள் சம்மதிக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகாதேவி கூப்பிட்டதால் சகுந்தலாவும் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் அவளோடு மங்கம்மாள் வீட்டுக்குப் போனார்கள். நானும் கடைசி ஆளாகப் பின்னால் போனேன். ரேணுகாதேவி லேப்டாப் ஒன்றைக் காவலூரில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மங்கம்மாள் வாசலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்று சொன்னார், உட்காரச் சொல்லவில்லை.

ரேணுகாதேவி லேப்டாப்பை உரல்மேல் வைத்து இரண்டு வீடியோவையும் காட்டினாள். குவித்த படி, தலைதட்டிய படி, சீட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு அரைமணி நேரம் பிடித்த விஷயம் அந்தப் பெண்களுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. படியைப் பிடித்து வளர்ந்தவர்கள். "தப்பு என்னுது அத்தே. உன் புளி மேலயும் இல்ல, உன் மேலயும் இல்ல" என்று முடித்தாள். சகுந்தலா தரையைப் பார்த்தபடி, போன தடவை விஷயத்தையும் இனி யாரும் உங்கள் மேல் வைத்துப் பேசமாட்டோம் என்றாள்.

மங்கம்மாள் எல்லாவற்றையும் தழையைக் கீழே போடாமலே கேட்டார். கேட்டு முடித்ததும் லேப்டாப் மூடியைத் தன் கையாலேயே மூடினார். அதட்டவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீ சொல்றது புரியுது. அந்தப் பொட்டிக்குக் கண்ணு இல்ல, அதுக்குச் சீட்டு வேணும். ஒனக்கு இன்னாத்துக்குச் சீட்டு? எங்க வூடு ஒங்க வூட்லருந்து நாலு வூடு தள்ளி. வெள்ளிக்கிழமலருந்து புளி இங்கியேதான் கெடக்குது. ஒருத்திகூட வந்து பாக்கலியே."

நான்கு வீடு என்று அவர் சொன்னது ரேணுகாதேவிக்குத்தான். அஞ்சலகத்திலிருந்து எண்ணினால் ஐந்து. நான் நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன்.

மங்கம்மாள் உள்ளே போய் முதல் மூட்டையை இழுத்து வந்து வாசலில் வைத்தார். ஏற்றுவதா வேண்டாமா என்று ஒன்றும் சொல்லாமல் வாய்க்கட்டை மட்டும் அவிழ்த்தார். ரேணுகாதேவி லேப்டாப்பை உரலிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்து, மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, புளிப்பில் கண்ணை மூடினாள். அடுத்து சகுந்தலா குனிந்து எடுத்தாள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். கடைசியில் நானும் போய்க் கையை நீட்டினேன்.